சீனி இல்லாவிட்டால் வட்டம்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் சார். எனக்கு இந்த ஓரம் போதும். பையை மேலே வைக்கச் சொல்லிக் கண்டக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். மூன்றாவது தடவை சொன்னாலும் வைக்க மாட்டேன். உள்ளே ஒரு நோட்டு இருக்கிறது. நாற்பது பக்க நோட்டுதான், ஆனால் கீழே விழக் கூடாது.

நீங்களும் திருநெல்வேலிக்குத்தானே? டிக்கெட் கேட்டபோது கவனித்தேன். நல்லது. சங்கரன்கோவிலிலிருந்து ஒன்றரை மணி நேரம். எல்லா இடத்திலும் நின்றால் நூறு நிமிஷம். அதற்குள் சொல்லி முடித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். எனக்குப் பேசிப் பழக்கம் இல்லை. இன்றைக்குப் பதினோரு மணிக்குக் கன்ஸ்யூமர் கோர்ட்டில் நான் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் ஒருவரிடமாவது சொல்லிப் பார்த்துவிடலாம் என்றுதான். தெரியாத ஆளிடம் என்றால் கொஞ்சம் வாய் வருகிறது. தூக்கம் வந்தால் தூங்குங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

சத்தமாகப் பேச மாட்டேன். முன்னால் மூன்றாவது சீட்டில், பச்சைச் சேலை, அந்த அம்மா காதில் விழக் கூடாது. நாங்கள் ஒன்றாகத்தான் வந்தோம். எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தது அவர்கள்தான்.

என் பேர் முப்பிடாதி. எட்டாவது வரை படிப்பு. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளை ஆபீஸில் பத்தொன்பது வருஷம் பியூனாக இருந்தேன். தை மாதத்தோடு ரிட்டயர். ஃபைல் எடுத்துக் கொடுப்பேன், தபால் பிரிப்பேன், பதினொன்றுக்கும் நாலுக்கும் டீ வாங்கி வருவேன்.

இன்சூரன்ஸ் என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. டீ கொண்டு போகிறவன் உள்ளே வந்தால் யாரும் பேச்சை நிறுத்த மாட்டார்கள் பாருங்கள், அப்படிக் கற்றுக்கொண்டதுதான். காலம் முடிந்து பாலிசிக்காரரே வந்து கேட்கிற ஃபைல் மூன்று மேஜை தாண்டும். செத்தவர் வீட்டில் வந்து கேட்கிற ஃபைல் ஏழு மேஜை தாண்டும். அதிலும், பாலிசி எடுத்து மூன்று வருஷத்துக்குள் செத்துவிட்டால் அந்த ஃபைலுக்கு எட்டாவதாக ஒரு ஆள் வெளியூரிலிருந்து வருவார். விசாரிப்பதற்கு. ஏற்கெனவே நோய் இருந்ததா, அதை ஃபாரத்தில் மறைத்தாரா என்று அக்கம்பக்கத்தில் கேட்பார். மூன்று வருஷம் தாண்டிவிட்டால் அந்தக் கேள்வி கிடையாது. சட்டமே அப்படி. இதெல்லாம் நான் டம்ளர் எடுக்கப் போனபோது காதில் விழுந்தவை. ஒன்றுகூடத் தப்பில்லை.

இனி டீக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அப்போதிருந்த மேனேஜருக்குச் சர்க்கரை வியாதி. தெரியாமல் சீனி போட்ட டீயைக் கொடுத்துவிட்டேன். எல்லார் முன்னாலும் திட்டினார். "டீ குடுக்கக்கூடத் துப்பு இல்லையா" என்று கேட்டார். அன்று சாயங்காலமே ஒரு நோட்டு வாங்கினேன். ஆளுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். சீனி போட்ட டீ என்றால் ஒரு கோடு. சீனி இல்லாவிட்டால் வட்டம். காபி என்றால் பெருக்கல் குறி. பத்தொன்பது வருஷம், நாற்பத்தாறு நோட்டு. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட ஒரு டம்ளர் மாறிப் போனதில்லை. ஆபீஸில் சிரிப்பார்கள். "அண்ணாச்சி நோட்டைப் பாத்தா கம்பெனி ஆடிட்டையே முடிச்சுரலாம்" என்பார்கள். சிரிக்கட்டும். நான் ஒரு நோட்டையும் எடைக்குப் போடவில்லை. ரெக்கார்டு ரூமில் அட்டைப் பெட்டியில் அடுக்கி, எலிக்கு வேப்பிலை போட்டு வைத்திருந்தேன்.

அந்த நோட்டில் பதினேழாவது வரி சங்கரலிங்கம் அண்ணாச்சி. ஏஜெண்ட். ஆபீஸ் சம்பளக்காரர் கிடையாது, ஆனாலும் தினமும் பதினொரு மணிக்கு வந்துவிடுவார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஊரில் பாதிப் பேருக்குப் பாலிசி போட்டவர். ஃபாரம் நிரப்பும்போது பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். "சளி, தடுமம் புடிச்சிருந்தாலும் எழுதிருங்க. மறைச்சு எழுதின பாலிசி ஓட்டைக் குடம் மாதிரி, தாகத்துக்கு ஆகாது" என்பார். அவர் வாயில் வெற்றிலையும் அந்த வாக்கியமும் எப்போதும் இருக்கும்.

என்னிடம் பேசுகிற ஒரே ஆள் அவர்தான். அவர் பேசுவார், நான் கேட்பேன். "என்ன வே முப்பிடாதி, இன்னைக்கு எத்தனை கோடு, எத்தனை வட்டம்?" என்று வருவார். நான் எண்ணிச் சொல்லுவேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். ஆனால் பத்தொன்பது வருஷம் தினமும்.

ஒரு வருஷம் ஜனவரி பன்னிரண்டாம் தேதி. ரெக்கார்டு ரூம் வாசலில் வந்து நின்றார். "வே, இன்னையிலேருந்து எனக்குச் சீனி வேண்டாம்" என்றார். சரி என்று வட்டம் போட்டேன். அவர் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தார். "ஏம்னு கேக்க மாட்டீரா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா சார்? "டம்ளர் காலியாயிட்டா குடுங்க அண்ணாச்சி, கடைக்காரன் தேடுவான்" என்றேன். அவர் டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அடுத்தவர் சங்கதி கேட்பதற்குக் கூச்சம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அந்தத் தீபாவளிக்கு ஆபீஸில் லட்டு கொடுத்தார்கள். அவர் தொடவில்லை. "என்ன அண்ணாச்சி, சுகர் வந்துட்டோ?" என்று ஒருத்தர் கிண்டல் பண்ணினார். அவர் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. "உமக்கு ரெண்டா எடுத்துக்கிடும்" என்றார். அவ்வளவுதான்.

அந்தத் தீபாவளிக்கு முன்னாலேயே, அதே வருஷம் ஜூன் ஐந்தாம் தேதி அவர் தன் பேரில் ஒரு பாலிசி எடுத்திருந்தார். வட்டம் போட ஆரம்பித்து நூற்று நாற்பத்து நான்கு நாள் கழித்து. ஊருக்கெல்லாம் போட்டவர் தனக்குப் போட்டது அப்போதுதான். நோய் உண்டா என்ற கேள்விக்கெல்லாம் இல்லை என்று எழுதினார். டாக்டர் பார்த்தார், ரத்தம் எடுத்தார்கள், சரி என்று வந்தது. அந்த ஃபைலை அடுக்கியது நான்தான்.

மூன்று வருஷம் முடிய இருபத்திரண்டு நாள் இருந்தது. மே பதினான்கு. காலையில் நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து நாற்பது நிமிஷம்கூட இல்லை. அன்றைக்குப் பதினொரு மணி டீ இருபத்திரண்டு டம்ளர். பதினேழாவது வரியில் என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டேன்.

இருங்கள், அந்த அம்மா திரும்புகிறார்கள்.

"சாப்ட்டாச்சும்மா. ஆமா, ரெண்டு இட்லி. நீங்க சாப்பிடுங்க."

"அண்ணாச்சி, சாப்ட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். நான் சாப்பிடவில்லை. சாப்பிட்டதாகச் சொன்னது பொய். இறங்காது சார் இன்றைக்கு.

அது அவர் சம்சாரம். ஆவுடையம்மாள்.

ஜூலை ஒன்பதாம் தேதி எட்டாவது ஆள் வந்தார். மதுரைப் பக்கம். ரொம்ப மரியாதையான மனுஷன். மேனேஜரைக் கேட்டார், கிளார்க்குகளைக் கேட்டார், மற்ற ஏஜெண்டுகளைக் கேட்டார். எல்லாரும் ஒரே பதில்: "நல்ல மனுஷன் சார், எங்களுக்கு ஒன்னும் தெரியாது." அப்புறம் ரெக்கார்டு ரூமுக்கு வந்தார். "ஐயா, உட்காருங்க" என்றார். அந்த ஆபீஸில் என்னை யாரும் ஐயா என்று கூப்பிட்டதில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னதும் இல்லை. முனையில் உட்கார்ந்தேன்.

"சங்கரலிங்கம் உங்ககூடத்தான் நெருக்கம்னு சொன்னாங்க. டீ குடிப்பாரா?"

"தினமும் ரெண்டு."

"சீனி போட்டா?"

"முன்னாடி போட்டு. பிறகு போடாம."

"எப்பலேருந்துன்னு ஞாபகம் இருக்காது, இல்லையா?"

அவர் அப்படிக் கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை. "ஞாபகம் எதுக்கு சார், நோட்டே இருக்கு" என்றேன். அவர் நோட்டைக் கேட்கவே இல்லை. நானாக எழுந்து போய், பெட்டியை இறக்கி, மூன்றரை வருஷத்துக்கு முந்தின நோட்டைத் தேடி, வேட்டி முனையால் தூசி தட்டிக் கொண்டுவந்து, பதினேழாவது வரியில் விரல் வைத்துக் காட்டினேன். "ஐயா, என் சர்வீஸ்ல இப்படி ஒரு ரெக்கார்டு பாத்ததில்ல" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது சார். மறைக்காமல் சொல்லுகிறேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தர் அந்த நோட்டைப் படித்தார்.

பிறகு இங்கிலீஷில் ஒரு தாள் எழுதினார். தமிழில் எனக்குச் சொன்னார். நான் இன்னார், இந்த ஆபீஸில் வேலை. சங்கரலிங்கத்தைத் தெரியும். தினமும் டீ கொடுப்பேன். இன்ன தேதியிலிருந்து சீனி இல்லாமல் குடித்தார். நாலு வரி. நான்கும் சரி. கையெழுத்துப் போடும்போது தாளைப் பார்த்தேன். ஏழு வரி இருந்தது.

எண்ணினேன் சார். எண்ணாமல் இருக்க எனக்கு வராது. ஏழு வரி. நாலு வரிதானே சொன்னார், மீதி மூன்று என்ன என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் ஐயா என்று கூப்பிட்டவர். அவரைப் போய்ச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமே. இங்கிலீஷுக்கு இடம் கூடுதலாக வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டேன். டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பதினெட்டு நாள் கழித்து, ஜூலை இருபத்தேழு, சங்கரலிங்கம் அண்ணாச்சி மகள் செண்பகத்துக்குப் பெண்பிள்ளை பிறந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்தவள். ஆபீஸில் சொன்னார்கள். நான் அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் போகிறவன் இல்லை. என்னவோ, ஆறு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் ஆவுடையம்மாள் ஒரு பாலாடைச் சங்கில் சீனித் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் அழுகை.

"பிள்ளைக்குச் சேனை வைக்கணும் அண்ணாச்சி. அவுக வைக்கவேண்டியது."

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. பிறந்த பிள்ளை நாக்கில் பெரியவர் யாராவது முதலில் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பார்கள். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் ஆள் பார்த்துத்தான் வைக்கச் சொல்லுவார்கள்.

அந்த அம்மா சொன்னார்கள்: "மூணரை வருசம் அண்ணாச்சி. பேரப்பிள்ளை வாயில என் கையால சேனை வைக்கிற வரைக்கும் என் நாக்குல சீனி படாதுன்னு கோமதியம்மனுக்கு நேந்துக்கிட்டாக. ஒரு தைமாசத்துக்கு முந்தி, மார்கழி கடைசியில. பாயசம் தொடல, பொங்கல் தொடல. வெளிய சொன்னா பலிக்காதுன்னு வாயத் தொறக்கல. உங்ககிட்ட மட்டும் சொல்லணும்னு இருந்தாகளாம். ‘நம்ம முப்பிடாதி கேட்டா சொல்லிருவேன், அந்த மனுசன் கேக்கவே மாட்டேங்கான்’னு சிரிப்பாக."

நான் ஆரஞ்சுப் பையை வராந்தா பெஞ்சில் வைத்தேன்.

"நீங்க வைங்க அண்ணாச்சி. அவுக இருந்த இடத்துல நீங்கதான்."

மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஏன் என்று கேட்பார்களே. மூன்று சொட்டு வைத்தேன். கையெழுத்துப் போட்ட அதே கை. பிள்ளை சப்பிக்கொண்டு கண்ணைத் திறந்தது. என் குணம் அதற்கு வராமல் இருக்கவேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

அதற்குப் பிறகு கம்பெனி லெட்டர் வர அறுபத்தொரு நாள் ஆயிற்று. இதைக் கேட்பார்கள் சார், கோர்ட்டில். நிச்சயம் கேட்பார்கள். அறுபத்தொரு நாள் என்ன செய்தாய் என்று. மேனேஜர் ரூம் வாசலுக்கு மூன்று தடவை போனேன். ‘அது நோய் இல்லை சார், நேர்ச்சை’ என்று ஒரு வரி. முதல் தடவை அவர் போனில் இருந்தார். இரண்டாவது தடவை என்னை நிமிர்ந்து பார்த்து "என்ன?" என்றார். "டம்ளர்" என்றேன். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூன்றாவது தடவை டம்ளர்கூட இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தேன். விசாரணை ஆபீஸர் படித்தவர், சரியாகத்தான் எழுதியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பர் இருபத்தாறில் லெட்டர் வந்தது. உடல்நிலையை மறைத்து, பொய்யான தகவல் கொடுத்துப் பாலிசி பெற்றதால் க்ளெய்ம் மறுக்கப்படுகிறது. ஆஸ்பத்திரியில் கடைசி நேரத்தில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்ததாம். உயிர் போகிற நேரத்தில் யாருக்கும் கூடும் என்று அந்த அம்மாவுடைய வக்கீல் சொல்லுகிறார். அதோடு ‘நேரில் அறிந்த ஒருவரின் வாக்குமூலம்’ என்று போட்டிருந்தது. பேர் போடவில்லை.

அந்த ஃபைல் திரும்ப அடுக்குவதற்கு என் கைக்குத்தான் வந்தது. தாளை எடுத்தேன். இங்கிலீஷ் படிக்க வராது, எழுத்தைப் பார்த்து வரைய வரும். அந்த மூன்று வரியை ஒரு புள்ளி விடாமல் வரைந்துகொண்டேன். உள்ளூரில் காட்டக் கூச்சம். தென்காசி போய், டைப் அடிக்கிற கடையில் கொடுத்தேன். அந்தப் பொண்ணு வாசித்துத் தமிழில் சொன்னது. "சங்கரலிங்கம் தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக என்னிடம் நேரில் சொன்னார். அதற்காகவே சீனியை நிறுத்தினார். மாத்திரை சாப்பிட்டதையும் நான் பார்த்திருக்கிறேன்." கீழே என் கையெழுத்து.

மூன்று வரி. மூன்றும் அவர் சொல்லாதது, நான் பார்க்காதது.

அந்த அம்மா இப்போது பீடி சுற்றுகிறார்கள். மகளும் பிள்ளையும் அவர்களோடுதான். ஆனால் அதைப் பற்றி அவர்கள் பேசுவதே இல்லை. கேஸ் போட்டது எதற்கு என்று என்னிடம் சொன்னார்கள்: "ஊருக்கெல்லாம் மறைக்காம எழுதுன்னு சொன்ன மனுசன் அண்ணாச்சி. அவுகளைப் பொய்யன்னு ஒரு தாள்ல எழுதி வீட்டுக்கு அனுப்பியிருக்காக. அதை அழிச்சுத் தரட்டும். யாரோ பக்கத்துல இருந்த பாவிதான் இல்லாததைச் சொல்லியிருக்கான். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவுகளுக்கு நோய் இல்லன்னு." நான் சரி என்றேன்.

அந்தப் பாவி யாரென்று அவர்களுக்குத் தெரியாது. இன்றைக்குக் கம்பெனி வக்கீல் அந்தத் தாளை எடுத்து நீட்டுவார். அப்போது தெரியும்.

மானூர் வந்துவிட்டது. இன்னும் இருபத்தைந்து நிமிஷம்.

இவ்வளவு நேரம் கேட்டீர்களே சார், எங்கேயாவது விட்டுப்போயிற்றா? தேதி எல்லாம் சரியாகச் சொன்னேனா? ஜட்ஜிடமும் இப்படியே சொல்லிவிடுவேன். அவர் கேட்பார், நான் பதில் சொல்லுவேன். நோட்டைக் காட்டுவேன், நோட்டில் இருப்பது வட்டம்தான், நோய் என்று எழுதவில்லை என்பேன். ஏழு வரியை எண்ணிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுவேன். கேட்டால் சொல்ல எனக்கு எப்போதும் முடியும்.

ஆனால் அந்த அம்மா கேட்க மாட்டார்கள். என்னிடம் கேட்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றாது. காலையில் பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். டிக்கெட் எடுக்கும்போது ஒரு தடவை. பனவடலிசத்திரத்தில் தண்ணீர் பாட்டிலை நீட்டி ஒரு தடவை. சாப்ட்டீங்களா என்று ஒரு தடவை. நாலு.

சார், நான் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவன். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எழுந்து போய் அந்த மூன்றாவது சீட்டில் உட்கார்ந்துகொள்கிறீர்களா? முப்பிடாதி கூப்பிடுகிறார், ஜன்னல் பக்கம் இடம் இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லுங்கள். வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம். மற்றதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன், நீங்கள் தாண்டிப் போங்கள். பார்த்து.

அவர்கள் எழுந்து வரும்போது என்னவென்று கேட்பார்கள், அண்ணாச்சி என்று. அது ஐந்து. அதற்கு மேல் எண்ண மாட்டேன்.